மஞ்சள் பூ

சிரம்பானில் வாடகைக்கு எடுத்த கேமரா,
நாளுக்கு நூற்றெண்பது ரிங்கிட், ஃபுல் ஃப்ரேம்.
பஹாவ் தாண்டிச் செம்பனைக்குள் போகும் மண்சாலையில்
நிச்சயப் புடவையில் லோகவர்த்தினி.
"சினிமா மாதிரி வேணும்ண்ணே,
பின்னால ஆலைப் புகை தெரியவே கூடாது."

தெரியாது.
சென்சார் எதையும் அழிப்பதில்லை, தங்கச்சி.
பெரிய சென்சார் அகலமாகப் பார்க்கும்.
சட்டத்துக்குள் நீ மட்டும் வேண்டுமென்றால்
இரண்டெட்டு நான்தான் கிட்டே வரவேண்டும்.
கிட்டே வந்தால்
உன் இமைமுடி கூராகும்,
தோட்டம் கரையும்.

கரைந்தது.
புகை, கோயில் ஒலிபெருக்கி,
அவள் பிறந்த லயத்தின் தகரக் கூரை,
எல்லாம் இளம்பச்சைக் கூழ்.

இரவு, மடிக்கணினியில் விரலை வைத்தாள்:
"இந்த மஞ்சள் பூ அழகா இருக்கே, என்ன பூ?"

எனக்கும் தெரியவில்லை.
முக்காலியின் காலில் கட்டிவைத்து
சும்மா ஓடவிட்ட கைப்பேசியைத் திறந்தேன்.
உளுந்தளவு சென்சார்,
யாரையும் விட்டுக்கொடுக்காது:
புகை, மின்கம்பி, சொறிந்துகொள்ளும் நாய்,
மஞ்சள் தலைக்கவசத்தில் ஒரு பங்களாதேஷ் பையன்.
பழக்குலை நிறைந்த தள்ளுவண்டியைத் தாங்கியபடி
படத்தில் குறுக்கே வந்துவிடக் கூடாதென்று
நின்றிருக்கிறான்.
பதினொரு நிமிடம்.
நடுவில் ஒருமுறை
தோள்பட்டையில் கன்னத்தைத் துடைத்தான்.
கைகளை எடுக்கவில்லை.

"ஏதோ காட்டுப்பூ" என்றேன்.
அழைப்பிதழ் வீடியோவுக்கு அதையே முகப்பாக வைக்கச் சொன்னாள்.
வைத்தேன். மீதிப் பணமும் வந்துவிட்டது.

கைப்பேசி கேட்கிறது:
இடம் போதவில்லை, பழைய வீடியோக்களை நீக்கவா?
மூன்றாம் முறையாக
'பிறகு' என்பதை அழுத்துகிறேன்.