ஏழாவது வகை

டிசம்பர் இருபதாம் தேதி
அடுப்பு செத்தது.
சத்தம்கூடப் போடவில்லை. உள்ளே சிவந்திருந்த கம்பி
கண் மூடுவதுபோல் கறுத்தது,
அவ்வளவுதான்.

வார்தோ தீவில்
சூரியன் வராத நான்காவது வாரம் அது.
மின்சாரக்காரர் ஹால்வோர் மலைக்கு அந்தப் பக்கம்.
புயல் நின்று சாலை திறந்தால் வருவாராம்.

ஆறு வகை தகர டப்பாக்களில் தயார்.
ஏழு வகைப் பலகாரம் இல்லாத வீட்டுக்குக்
கிறிஸ்துமஸ் வந்தாலும்
செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடும் என்பாள்
தபால்காரி ஒட்னி.
ஏழாவதற்கான மாவு
பீங்கான் கிண்ணத்தில், ஈரத்துணிக்கு அடியில்:
வெந்த மஞ்சள் கரு இரண்டு
வேகாத மஞ்சள் கரு இரண்டு
மசித்துச் சேர்த்தபின்
எது வெந்தது எது வேகாதது என்று
வெண்ணெய்க்கும் தெரியாது.

தெருவில் விளக்கெரிந்த ஒரே சன்னல் தோர்லைஃபுடையது.
பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
காரணம் பனி.
அவருடைய ஊதித்தள்ளும் இயந்திரம்
என் படகின் மேல் ஒரு மலையைக் கொட்டியது.
நான் அதை அள்ளி அவர் வாசலில் கொட்டினேன்
வாளி வாளியாக, விடிய விடிய,
விடியாத ஊரில்.
மே மாதம் இரண்டு குவியலும் உருகிக் கடலுக்குப் போயின.
நாங்கள்தான் உருகவில்லை.

நாற்பது எட்டு.
தட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன்.
காற்று என்னைப் பக்கவாட்டில் நடத்திக்கொண்டு போனது.

கதவு திறந்தது.
"அடுப்பு" என்றேன்.
"நூற்றெண்பதா, இருநூறா?" என்றார்.

பதினோரு வருடம் கழித்து
ஒருவர் கேட்கக்கூடியதில்
அதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

உள்ளே மான்கொம்பு உப்பு போட்ட அவருடைய பிஸ்கட்
வெந்துகொண்டிருந்தது.
அந்த நெடிக்குக் கண் எரியாதவர் கிடையாது.
இருவர் கண்ணிலும் நீர்.
அதற்கு வேறு அர்த்தமில்லை,
இங்கேயே எழுதிவைக்கிறேன்.

சுண்டுவிரல் பருமனுக்கு உருட்டி
வளைத்து
இரண்டு நுனியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும்,
கோபக்காரர் மார்பில் கைகட்டி நிற்பதுபோல.
அவரும் ஓர் உருண்டையை எடுத்தார், கேட்காமலே.
விசைப்படகில் முப்பது வருடம் கயிறு திரித்த கை.
வளையம், கப்பலைக் கட்டலாம்போல் இருந்தது.
"பெரிசு" என்றேன்.
"உன் படகு எப்படியிருக்கு?"
"வித்தாச்சு."
"எப்போ?"
"எட்டு வருஷம்."

வெள்ளைக் கரு தடவிக்கொண்டிருந்த தூரிகை
நின்றது.
பிறகு, தடவிய வளையத்தையே
மறுபடி தடவியது.

பன்னிரண்டு நிமிடம்.
இருவரும் அடுப்பின் கண்ணாடியையே பார்த்தோம்,
செய்தி வாசிப்பவரைப் பார்ப்பதுபோல.
சூட்டில் சில வளையங்கள் கையை அவிழ்த்துவிட்டன.
சில இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டன.
முத்துச் சர்க்கரை மட்டும்
எதிலும் சேராமல் வெளுப்பாகவே நின்றது.

உடைந்தவற்றை அவர் வைத்துக்கொண்டார்.
உடைந்தது கணக்கில் சேராது, அதனால் தின்னலாம்:
இது இந்தத் தீவின் சட்டம்.
நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.
கதவை மெதுவாகச் சாத்தினேன், அது நிச்சயம்.

மறுநாள் முழங்கால் அளவு பனி.
இயந்திரம் உறுமியது.
கோப்பையோடு சன்னலுக்கு ஓடினேன்.
குழல் கடல் பக்கம் திரும்பியிருந்தது.
பிறகு, தவறியோ என்னவோ,
ஒரு பிடி என் வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்தது.
அவர் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தார்.

நான் கப்பல் கட்டும் வளையத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் வேகவே இல்லை.

தின்றேன்.