கழித்தல் கணக்கு

உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசைப்
பக்கத்துப் பண்ணையில் இரவல் வாங்கினேன்.
தட்டில் ஐஃபல் மலை மண். துடைக்கவில்லை.

எழுபத்தொன்றாம் வருடத்து ஓப்பல் ஜிடி, பாசிப்பச்சை.
முதலில் பக்கத்து இருக்கை: பதினாலு கிலோ.
ஓட்டுகிறவர் இருக்கையும் அவ்வளவுதான் என்று நினைத்தேன்,
முந்நூறு கிராம் கூடுதல்.
ஐம்பது வருட வியர்வை என்றான் ஃபோல்க்மார்.
என் தம்பிக்கு வெல்டிங் தெரியும், நாசூக்கு தெரியாது.

நான் மருந்துக்கடையில் மில்லிகிராம் பார்ப்பவள்.
நோட்டில் ஏற்றிக்கொண்டே வந்தேன்:
கம்பளம், ஹீட்டர், ரேடியோ,
சாம்பல் கிண்ணம், அதனுள் ஒரு இத்தாலிய நாணயம்.
சேர்த்தே எழுதினேன்.

தரையில் தார்ப் படலம்.
சத்தம் உள்ளே வராதிருக்கத் தொழிற்சாலை பூசியது.
சுரண்டினால் இழுபடும், சூடாக்கினால் ஒட்டும்.
உலர்பனியைக் கொட்டினோம்.
நெருப்பில்லாமல் புகையாது என்று சொன்னவர்கள்
அன்று எங்கள் ஷெட்டுக்கு வந்திருக்க வேண்டும்.
முழங்கால் உயரம் வெள்ளைப் புகை.
சுத்தியலால் ஒரு தட்டு.
தார் அப்பளமாய் நொறுங்கியது.
பதினொன்றரைக் கிலோ மௌனம்.
வாளியில் அள்ளினோம்.

லோதார் வந்தார், பழைய கார்ச் சங்கத்தின் பொருளாளர்.
அவரிடமும் இதே ஜிடி, இதே பச்சை.
துக்க வீட்டுக்கு வந்தவர்போல் வாசலிலேயே நின்றார்.
“கூண்டுக்குத் துளை மட்டும் போட்டுவிடாதே.”
ஒரு தொகை சொன்னார்.
நல்ல தொகை.
நான் தம்பியைப் பார்த்தேன்,
தம்பி துளைக்கருவியைப் பார்த்தான்.

கழற்றியதைத் திரும்பப் பூட்டலாம்.
துளையை எங்கே கொண்டுபோய்க் கழற்ற?

எட்டு மில்லிமீட்டர். கதவோரம்.
சுருண்டு வந்த இரும்பில்
ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெள்ளி.
லோதார் குனிந்து ஒரு சுருளை எடுத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
பிறகு கூச்சத்தோடு விலை கேட்டார்
இருக்கைகளுக்கு, கம்பளத்துக்கு,
விளக்குகளுக்கு.

இந்தக் காருக்கு விளக்குகள் இமைக்குள் இருக்கும்.
கியருக்குப் பக்கத்து நெம்புகோலைத் தள்ளினால்
இரண்டும் ஒரே பக்கமாய்ப் புரண்டு விழிக்கும்.
அவருடையதில் ஒன்று அரைக்கண்ணிலேயே நின்றுவிடுமாம்.
எனக்கோ பகலில்தான் ஓட்டம்.
ஒன்பது கிலோ.
இருந்த இடத்தில் அலுமினியத் தகடு, சுற்றிலும் ரிவெட்.

பதிவு அலுவலகத்தில் ஒரு பெண்
நம்பர் பலகையின் முத்திரையைச் சுரண்டினாள்,
லாட்டரிச் சீட்டு மாதிரி.
பரிசு விழவில்லை.
இனி இது ரொட்டி வாங்கக்கூடத் தெருவில் இறங்காது.
டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்,
பல்லக்கில் போகும் ஓட்டக்காரன்.

மே மாதம். மழை விட்டும் விடாத காலை.
முதல் சுற்றிலேயே தெரிந்தது
வாளியில் நாங்கள் அள்ளியது எதை என்று.
ஒவ்வொரு கூழாங்கல்லும்
பாதத்துக்கடியில் பெயர் சொல்லிவிட்டுப் போனது.
மூன்றாம் வளைவில் பின்பக்கம் நழுவியது,
அதுவும் சொல்லிவிட்டுத்தான்.
சிரித்தேன்.
ஹெல்மெட்டுக்குள் கன்னத்துக்கு இடம் போதவில்லை.

நேரமா?
அம்மாவின் மளிகைக் காரில் வந்த ஒரு பையன்
என்னைவிட நாலு நொடி முன்னால்.
அதையும் எழுதினேன்.

எண்ணூற்று நாற்பத்தைந்தில்
கழித்தது நூற்று நாற்பத்தாறு,
கூண்டும் புது இருக்கையும் கூட்டியது நாற்பத்தொன்று.
உன்னைச் சேர்க்கவில்லையே என்றான் தம்பி.
தராசைத் திருப்பிக் கொடுத்தாச்சு என்றேன்.

சாயங்காலம் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது
வேலியோரம் லோதார் கிளம்பினார்.
அவருக்குக் கீழே என் இருக்கை,
அவர் காலடியில் என் கம்பளம்.
இருட்டத் தொடங்கியிருந்தது.
நெம்பைத் தள்ளியிருப்பார்,
இரண்டு கண்ணும் ஒருசேரப் புரண்டு திறந்தன.

தகடடித்த என் காரின் முகத்தில்
வெளிச்சம் வந்து விழுந்தது,
ஒவ்வொரு ரிவெட்டாய்.

கட்டுப்பட்டையை
இன்னும் ஒரு பல் இறுக்கினேன்.