திரும்பி வரும் தண்ணீர்

செருப்பை வேலிக்கு வெளியே விட்டு,
பிளீச்சிங் கரைசலில் காலை நனைத்து,
ஸ்பேனர்களையும் அதிலேயே முக்கி எடுத்தால்தான்
திம்மராயன் கதவைத் திறப்பார்.
துருவைப் பற்றி அவரிடம் பேசிப் பயனில்லை.

நேற்றிலிருந்து நாலாம் உறக்கம்.
தட்டு தட்டாகத் தலை தூக்கி
அசையாமல் கிடக்கின்றன புழுக்கள்.
"ஒரு மணி நேரந்தான் மேடம்.
அதுக்கு மேல மெஷின் நிக்கக் கூடாது."
ராயக்கோட்டையில் சித்திரை. வெளியே முப்பத்தேழு.
புழுவுக்கு வேண்டியது இருபத்தைந்து.

முதலில் ஃபில்டர்.
மல்பெரித் துகள், சுண்ணாம்புத் தூள்,
ஊசி ஈயின் பாதிச் சிறகு.
காயிலுக்கு ஆசிட் கிடையாது, சோப்பு கிடையாது,
வாசனைக்கே செத்துப்போகும் சாதி இது.
பழைய பல் பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும்
நூருல்லாவின் பொறுமையும்தான்.
வடிகுழாயில் எறும்புப் புற்று. ஊதி எடுத்தான்.

பிறகு வெளியே, தகரத்துக்குக் கீழே, பம்ப்.
மூன்று துளைகளின் குழாய்கள் இங்கே வந்து கூடுகின்றன:
எழுநூற்று எண்பது அடி,
தொள்ளாயிரத்து இருபது,
ஆயிரத்து நூறு.
மூன்றும் தண்ணீருக்காகப் போட்டவை.
மூன்றிலும் வந்தது புழுதி.
அடிக்கணக்குக்குக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு
திருச்செங்கோட்டு வண்டி போய்விட்டது.

அந்த வறட்டுத் துளைகளில்
முந்நூறு அடிக்குக் கருப்புக் குழாயை வளைத்து இறக்கி
பென்டோனைட் சேறு ஊற்றி மூடினோம்.
இப்போது அவற்றிலிருந்து தண்ணீர் வருகிறது.
நாங்கள் ஊற்றிய தண்ணீர்.
கேனில் வாங்கியது, முந்நூறு லிட்டர்,
நாலு வருடமாக அதேதான்
இறங்கி ஏறி இறங்கி ஏறி.
வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் குழாயில் கை வைத்து
"ஓடுதா?" என்பார்கள்.
ஊர்த் தண்ணீர் கறையாக்கிய பல் தெரியச்
சிரிப்பார் திம்மராயன்.

அழுத்தம் இருபத்தாறு. போன முறை இருபத்தெட்டு.
"லீக்கா அக்கா?"
இல்லை. பிளாஸ்டிக், சூட்டில் கொஞ்சம் விரிந்து கொடுக்கும்.
காற்றுத் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினேன்.
யாரோ சலித்துக்கொண்டது போல ஒரு சத்தம்,
அவ்வளவுதான்.

திரும்பி வரும் தண்ணீரின் சூடு:
முதல் சித்திரை 28.4
அடுத்தது 28.7
போன வருடம் 28.6
இன்று 31.2.
நம்பாமல் வேறு தெர்மாமீட்டர் வைத்தேன்.
அதுவும் அதையேதான் சொன்னது.

பதிவேட்டைப் பின்னால் புரட்டினால்
மார்கழிப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது.
"மார்கழியில புழு வைக்கலையா?"
"தருமபுரி ஏலத்துல விலை விழுந்துச்சு.
இலையை ஆட்டுக்குப் போட்டுட்டேன்."

கோடையில் இந்த அறையின் சூட்டைப்
பாறைக்குள் தள்ளுகிறோம்.
பனிக்காலத்து விடியலில் புழு விறைக்கும்போது
அதே சூட்டைத் திருப்பி எடுக்கிறோம்.
இந்த வருடம் எடுக்கவில்லை.
பழுது எதுவும் இல்லை,
பாறை வைத்திருக்கிறது, அவ்வளவுதான்
என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் துளைகளையே பார்த்தார்.
"பேங்க்காரன், வாங்கினதைத் திருப்பித் தரலேன்னு கோச்சுக்கறான்.
இது, கொடுத்ததைத் திருப்பி வாங்கலேன்னு கோச்சுக்குதா?"
நூருல்லாதான் முதலில் சிரித்தான்.

குறிப்புக்கான கட்டம் இரண்டு விரல் அகலம்.
'மார்கழியில் ஓட்டவும்' என்று எழுதியதும் நிரம்பிவிட்டது.
"புழு இல்லாட்டியுமா?"
"இல்லாட்டியும்."
"வெறும் ரூமைச் சூடு பண்ண கரண்டு பில்லு கட்டணுமா?"
அதற்குக் கட்டத்தில் இடமில்லை.

ஐம்பத்திரண்டாவது நிமிடம் சுவிட்சைப் போட்டேன்.
ஒன்பது ஆம்பியர். எப்போதும் எட்டுதான் இழுக்கும்.
உள்ளே ஒரு புழுவும் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டியைக் கிளப்பும்போது வேலி வரை வந்தார்.
"மேடம், அந்தச் சூடு… நான் எடுக்காமலே விட்டா
எத்தனை நாளைக்கு வச்சிருக்கும்?"
கையேட்டில் அது இல்லை.
தெரியாது என்றேன்.

ஆடியில் அடுத்த சோதனை.
கெலமங்கலம் போவதற்குள் எங்காவது நிறுத்தி
ஸ்பேனர்களைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும்.
இப்போதே ஓரத்தில் செம்மை ஏறிவிட்டது.