ஈடு

களுவாஞ்சிகுடிக் கிளை, மூன்றாம் கவுண்டர்.
பதினொரு வருசமாய் என் விரல் தொடும் பொன் எதுவும்
என்னுடையதில்லை.
உரைகல், தராசு, நூல் கட்டிய காகித உறை,
ஊதா மையில் தோய்ந்த ஓர் இறப்பர் முத்திரை:
மீட்கப்பட்டது.

ஐப்பசி விதைப்புக்குத் தாலிக்கொடிகள் உள்ளே வரும்.
மாசியில் வெட்டு முடிய வெளியே போகும்.
வெள்ளம் நின்ற வருசம் போகாது;
வட்டியை மட்டும் கட்டிவிட்டு
உறையை ஒருதரம் பார்க்கலாமா என்பார்கள்.

ஞாயிறு காலை பெரியகல்லாற்றில்
அதே சொல்லைப் போதகர் சொல்லுவார்.
மடியில் கிடக்கும் என் வலது கை
குத்துவதற்கு எழும்பப் பார்க்கும்.
நெஞ்சு எழும்பாது.
பழைய ஆராதனைப் புத்தகத்தில் ஈடேற்றம் என்றிருக்கும்.
ஈடு என்றால் எனக்கு அடகு, அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு சீட்டு இருந்தது,
கல்முனையில், என்னை அறியாத வங்கியில்.
ஆறு காப்பு. என்னுடையவை அல்ல.
கடல் ஏறி வந்த பிறகு
சுகிர்தா அக்கா தன் வீட்டில் பொன் வைப்பதில்லை.
"உன்ட அலுமாரிதான் கா பத்திரம்" என்று
பால்மா ரின்னுக்குள் போட்டுத் தந்தவள்.
என் மனுசனின் லீசிங் மூன்று மாதம் பிந்தியபோது
ரின் என்னைப் பார்த்தது.
நான் ரின்னைப் பார்த்தேன்.

மகளின் திடப்படுத்தலுக்குக் காப்பெடுக்க வந்தாள்.
ரின்னுக்குள் சீட்டு.
விரித்து வாசித்தாள்: தொகை, திகதி, என் கையெழுத்து.
மடித்தாள்.
"வெள்ளிக்கிழமை லீவு போடு."
வேறொன்றும் சொல்லவில்லை.

பஸ் பாண்டிருப்பைத் தாண்டும்வரை
சூரை மீன் விலையைக் கதைத்தாள்.
வாழ்க்கையில் முதல்தரம்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
கைப்பையைத் திறந்து எண்ணி வைத்தாள்,
முதல், வட்டி, பிந்திய கட்டணம்.
படிவத்தை என் பக்கம் தள்ளினாள்:
"நீ கையெழுத்து மட்டும் வை."

நன்றியா? பொய் சொல்ல மாட்டேன்.
முதலில் வந்தது எரிச்சல்.
திட்டியிருந்தால் திருப்பித் திட்டிக்
கணக்கை நேர் செய்திருப்பேன்.
அவளோ தன் பொன்னைத் தானே விலை கொடுத்து வாங்கி
மறுபடி அதே ரின்னில் போட்டு,
அதே அலுமாரியில், என் சேலைகளுக்குக் கீழே
வைத்துவிட்டுப் போனாள்.
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வட்டி ஏறும் விதம் தெரிந்தவள் நான்.
நாள் தவறாது ஏறும்.
இது அப்படி ஏறவில்லை.
நாலைந்து மாதம் ஒன்றுமே இல்லை.
பிறகொரு நாள் அவள் வீட்டு மூலையில்,
தையல் மெசின் நின்ற இடத்தில்,
சீமெந்தில் நாலு கால் தடம் கண்டேன்.
கேட்ட தண்ணீரைக் குடிக்காமல் வந்தேன்.
இன்னொரு நாள் என் மகனின் சட்டையை மடியில் போட்டு
கண்ணைச் சுருக்கி, கையால்,
பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

பெரிய வெள்ளி. கோவிலில் வெக்கை.
மின்விசிறி நின்றுபோயிருந்தது.
போதகர் எங்கோ தொடங்கி எங்கோ போனார்.
நான் அந்த மரத்தையே பார்த்தபடி இருந்தேன்.
பறிகொடுத்தவர் நீர்.
கட்டியவரும் நீர்.
என் சீட்டை விரித்தீர், வாசித்தீர், மடித்தீர்.
விற்பதற்கு உம்மிடம் வேறொன்றும் இருக்கவில்லை,
உம்மைத் தவிர.
அதற்குப் பிறகும் என் அலுமாரியை நம்புகிறீர்.
முன்வாங்கில் அக்காவின் பிடரியில் வியர்வை.
ஆண்டவரே என்று தொடங்கினேன்,
அடுத்த சொல் வரவில்லை.
அழுகையும் பெரிதாக இல்லை, மூக்கு மட்டும் ஒழுகியது.

இப்போதெல்லாம் சில இரவில் ரின்னைத் திறந்து எண்ணுகிறேன்.
ஆறு. குறைந்திருக்குமோ என்று அல்ல.

திங்கள் காலை மண்டூரிலிருந்து திரவியநாதன் வந்தார்,
ஒற்றை மோதிரம், வெள்ளத்தில் தப்பிய நெல்லின் காசு.
முத்திரையை வைத்து
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்தினேன்.
"என்ன பிள்ளை, மை முடிஞ்சிட்டா?"
"இல்லை ஐயா, இருக்கு" என்றேன்.
அவர் மோதிரத்தை விரலில் போட்டு,
கழற்றி,
திரும்பவும் போட்டுப் பார்த்தார்.