வலப்பக்க நாய்

எங்கள் அடுக்குமாடியில் நாய் வளர்க்கத் தடை.
மின்தூக்கிப் பக்கத்தில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறார்கள்.
பதினோராம் மாடியில் என்னிடம் பத்து இருக்கின்றன.
குரைக்காது. குப்பைத்தொட்டியைக் கிளறாது.
வெள்ளிக்கிழமை ஈரத்துணியால்
காதுக்குப் பின்னால் துடைத்தால் போதும்.

ஜெலுத்தோங்கில் பல் செய்யும் கூடத்தில் வேலை எனக்கு.
பீங்கான் பல்.
முகம் தெரியாத வாய்களுக்குச்
சூளையில் வெண்மை சுடுகிறேன்.
வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு எங்களுக்கு:
தேநீர் குடிப்பவர் வெள்ளை, சுருட்டுக்காரர் வெள்ளை,
அப்புறம் பொய் மாதிரி ஒரு வெள்ளை,
அதைத்தான் எல்லாரும் கேட்பார்கள்.

அதனால்தானோ என்னவோ
ஒரு ஞாயிறு, லோரோங் கூலிட் சந்தையில்
பழைய சார்ஜர்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
உட்கார்ந்திருந்த ஜோடி நாய்கள் முன்
குந்திவிட்டேன்.
தொங்கு காது, செம்பட்டைத் திட்டு,
கழுத்தில் பொன்பூச்சுச் சங்கிலி, அதில் குட்டிப் பூட்டு.
முகம் மட்டும் நாயுடையது இல்லை,
வட்டி கேட்க வந்த சித்தப்பாவுடையது.

"இங்கிலாந்து, தங்கச்சி. நூறு வருசம்" என்றார் கூய்.
கவிழ்த்துக் காட்டினார்:
அடித்துளையில் பென்சில் முனை நுழைந்தால் பழையது,
கட்டைவிரல் நுழைந்தால் போன வருசத்தது.

"சோறு போடாத நாய்க்கு நானூறு வெள்ளியா?"
சிவநேசன் கேட்டான்.
கேட்டுவிட்டு அவனே அலமாரியைத் துடைத்து இடம் ஒதுக்கினான்.
டிவிக்கு இப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று.
அடுத்த மாதமே அப்புறத்ததன் காதை உடைத்தான்.
நான் திட்டவில்லை.
கூடத்தில் மிஞ்சிய பல் பிசின் கொஞ்சம்,
ஏ-மூன்று நிறம்,
நீல விளக்கில் இருபது விநாடி.
காது வந்துவிட்டது. யாருக்கும் தெரியாது.

பிரிந்தபோது சண்டையில்லை.
வானொலி அவனுக்கு, ரைஸ் குக்கர் எனக்கு,
மீன்தொட்டி இருவருக்கும் வேண்டாம்.
"நாய் ஒன்னு எடுத்துக்கவா?"
ஜோடியைப் பிரித்தால் பாதி விலைகூடப் போகாது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
ஒட்டுக்காது நாயைத்தான் எடுத்தான்.
பனியனில் சுற்றி, ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த் போய்விட்டான்.

அதன்பிறகு எனக்கு வாய்த்ததெல்லாம் ஒற்றை.
எட்டு வாங்கினேன்,
எட்டும் இடப்பக்கத்து நாய்.
இருந்ததோடு சேர்த்து ஒன்பதும் ஒரே திசை பார்த்தன:
சன்னல், அதற்கப்பால் ஒரு துண்டுக் கடல்.
கறிபஃப் கொண்டுவரும் பக்கத்து வீட்டு ரொஹானா
யாரோ வருகிறார்கள் என்று
தானும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்.

போன ஞாயிறு கூயிடம்
ஒரு வலப்பக்க நாய்.
பூட்டில் பொன் தேய்ந்திருந்தது. எழுபது வெள்ளி.
காதைத் தடவினேன்,
விரல் நின்றது.
வெயிலில் பிடித்தால் பீங்கான் ஒரு மாதிரி மின்னும்,
பிசின் ஒரு மாதிரி.
ஏ-மூன்று.

"எங்கே கிடைச்சது?"
"அக்கரை ஆளு. இப்ப நிஜ நாய் வளர்க்கிறாராம்,
இது வேணாமாம்."

பேரம் பேசினேன். பேசாவிட்டால் கூய் சந்தேகப்படுவார்.
அறுபதுக்கு இறங்கியது,
நான் செய்த காதும் சேர்த்தி.

பழைய இடத்திலேயே வைத்தேன்.
பார்த்துக்கொள்கின்றன என்று சொல்ல முடியாது,
பீங்கான் நாய்கள் எப்போதுமே
எதிரில் இருப்பதன் தோளுக்கு மேலே பார்ப்பவை.
ஒன்பது சன்னலைப் பார்க்க
இது மட்டும் அடுப்படிப் பக்கம்.
வெங்காயம் நறுக்கும்போது முதுகில் உறைக்கிறது.

வெள்ளிக்கிழமை துடைத்தேன்.
அடித்துளையின் ஓரத்தில், குட்டையாய், பழுப்பாய்
ஒரு மயிர் ஒட்டியிருந்தது.
நாயுடையது. நிஜமானது.
விதிமீறல் என்று பார்த்தால்
என் வீட்டில் அது ஒன்றுதான்.