ஏழாவது வரி

அஸ்வானில் படகேறி அக்கரையில் இறங்கி
மணலில் அரைமணி நடந்தால்
அந்தக் கும்மட்டம்.
தூரத்தில் பார்க்க, யாரோ கவிழ்த்துவிட்டு
எடுக்க மறந்த வெள்ளைக் கிண்ணம்.
நான் போனது வக்ஃபு அலுவலகத்திலிருந்து,
கையில் படிவம், பையில் அளவு நாடா.

உயரம்: மூன்றே கால் மீட்டர்.
உள்விட்டம்: மூன்று.
வாசல்: குனிந்துதான் நுழைய வேண்டும்.
பொருள்: சுடாத மண்கல், வைக்கோல், மேலே சுண்ணாம்பு.
கட்டியவர்: பஷரி இத்ரீஸ், கொத்தனார்.
பல்வலி அவருக்கு,
கன்னத்தில் அதக்கிய கிராம்போடு பதில் சொன்னார்.
செலவு: இரண்டு ஆடு, ஒரு ஜோடி வளையல்.

ஆறு வரி தடையில்லாமல் நிரம்பியது.
ஏழாவது: அடக்கமானவர் பெயர்.

யாருமில்லை, என்றாள் நபவியா.

கப்ரு இல்லாமல் தர்கா எப்படியம்மா?

கனவில் வந்தார்.
சட்டை சொட்டச் சொட்ட வந்து நின்று
எனக்கு நிழலில்லை என்றார்.
பெயர் கேட்க வாயெடுத்தேன்,
பக்கத்து வீட்டுக் கழுதை கத்திவிட்டது.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பஷரி என்னை உள்ளே கூட்டிப்போனார்.
இந்தப் பக்கம் மரம் கிடையாது, சாரம் கிடையாது.
நடுவில் ஒரு கம்பு நட்டேன்,
அதன் தலையில் ஆணி,
ஆணியில் கயிறு.
கயிறு முடிகிற இடத்தில் கல்.
சதுரம் தன் நாலு மூலையையும்
கொஞ்சம் கொஞ்சமாக மறந்து வட்டமானது.
வளையம் மூடும்வரை எல்லாக் கல்லும் விழத்தான் பார்க்கும்.
மூடியபிறகும் விழத்தான் பார்க்கிறது.
ஒன்றையொன்று விடமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

கம்பைப் பிடுங்கவில்லையா?

அவள் விடவில்லை.

ஆள் உயரக் கம்பு.
பச்சைத் துணி போர்த்தி, தலையில் முண்டாசு கட்டி,
நடுவில் நின்றுகொண்டிருந்தது.
கீழே மருதாணி, மெழுகுத் துளிகள்,
காகிதத்தில் சுற்றிய அவித்த அவரை.

அன்று வியாழன். பெண்கள் வந்தார்கள்.
கோம் ஓம்போவிலிருந்து ஒருத்தி,
இரண்டு பேருந்து மாறி.
கடல் தாண்டி வேலைக்கென்று
லிபியாக் கரையில் படகேறிய மகன்.
பாத்திஹா ஓதி முடித்து, முகம் துடைத்து,
நபவியாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்:
அந்தச் சட்டை நீலமா?

அடுத்தவள்: கோடு போட்டதா?
அதற்கடுத்தவள் கேட்கவில்லை,
தன் முந்தானை நுனியைக் காட்டினாள்,
இதே துணிதான், மிச்சத்தில் தைத்தது.

எல்லோருக்கும் நபவியா ஒரே பதில் வைத்திருந்தாள்:
இருட்டாக இருந்தது மகளே, நிறம் தெரியவில்லை.

ஒவ்வொருத்தியும் தலையாட்டிவிட்டு
கம்பின் கைப்பக்கம் என்று தோன்றிய இடத்தில்
துணியைக் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்தாள்.

படிவத்தை அப்படியே கொடுத்தேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது: முழுமையற்றது.
பெயரில்லாததைப் பதிய முடியாது,
பதியாததை இடிக்கலாம்.
ஆகவே அது என் இழுப்பறையில்,
தேநீர்ச் சீட்டுகளுக்கு அடியில்.
வருஷா வருஷம் மறு ஆய்வு என்று போகிறேன்,
படகுக் கூலிக்கு ரசீது வைக்கிறேன்.

போன தடவை பஷரிக்குப் பல் இல்லை, வலியும் இல்லை.
புதுச் சுண்ணாம்பு வெயிலில் கண்ணைக் கூசியது.
திரும்பும்போது, ஏனென்று தெரியாது,
நபவியாவைக் கேட்டேன்:
நிஜமாகவே இருட்டா?

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
சொல்ல வாய் திறந்தாள்.
கரையிலிருந்து படகுக்காரன் கத்தினான்,
காற்று மாறுகிறது, வாருங்கள்.