கொண்டை ஊசி

“மலையேறும்போது வருது,
ஆபீசுக்குள்ள நுழைஞ்சா நின்னுடுது.”
செசிலியா மேடம் போனை நீட்டுகிறார்,
நான் ஒளித்துவைத்த மாதிரி.

அஸ்தம்பட்டி மாடி. பீரோவுக்கும் யுபிஎஸ்ஸுக்கும் நடுவே
எங்கள் மெயில் சர்வர்,
கையெட்டும் தூரம்.
‘இணைக்க முடியவில்லை.’

மூன்று நாள்
கடவுச்சொல்லை மாற்றினேன், சான்றிதழைப் புதுப்பித்தேன்,
கணக்கை அழித்து மறுபடி சேர்த்தேன்.
தப்பு செய்யாததையெல்லாம் தண்டித்தேன்.

நேற்று மிளகு சாம்பிளோடு ஏற்காடு பஸ்.
எத்தனையாவது வளைவோ,
வண்டி முழுசாய்த் திரும்பி
வந்த திசையையே பார்த்தது.
மடியில் போன் அதிர்ந்தது. பதினேழு மெயில்.

அட.
போன மாதம் வாங்கிய ரவுட்டர்!
உள்ளே இருந்துகொண்டு நம் விலாசத்தையே கேட்டால்
வாசல்வரை போய்
திரும்பத் தெரியாமல் நிற்கிறது.

இறங்கிவந்து ஒரே ஒரு வரி சேர்த்தேன்:
உள்ளே கேட்பவருக்கு உள்விலாசம்.

முதலில் அலறியது சற்குணம் சாரின் டேப்லெட்.
ஆபீசை விட்டு ஒருநாளும் வெளியே போகாதது.
ஒரு மாதமாய்த் தொல்லையே இல்லை என்றிருந்தவர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“லீவு கேட்டிருக்கியாம்மா?
தேதி போயிடுச்சே.”